ஓடு பறந்தது காற்றிலா, வயசிலா? வீட்டு இன்சூரன்ஸ் கேள்வி பதில்

சித்திரை மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு ஒரு காற்று வருமே, அந்தக் காற்றுக்குப் பிறகு எனக்குப் போன் ஓயாது. இருபது வருஷத்துக்கு மேல் இழப்பு மதிப்பீட்டு சர்வேயராக மதுரை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கம் கூரை கூரையாக ஏறி இறங்கியவன். இப்போது ஓய்வு. இந்த முறை வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, மொட்டை மாடியில போட்டிருந்த தகர ஷீட் பாதி பிய்ச்சுக்கிட்டுப் பக்கத்துத் தோட்டத்துல கெடக்கு. சர்வேயர் நாளைக்கழிச்சு வருவாராம். அதுக்குள்ள அள்ளி பழைய இரும்புக் கடையில போட்டுறவா? (திருமங்கலம்)

போட்டுறாதீங்க தம்பி. அந்த ஷீட்டுதான் உங்க சாட்சி.

சர்வேயர் வந்து முதலில் பார்ப்பது பறந்த ஷீட்டின் ஓட்டையை. காற்று இழுத்துப் பிய்த்திருந்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டை ஒரு பக்கமாக நீளக் கிழிந்திருக்கும், கிழிந்த விளிம்பு வெள்ளையாக மினுங்கும். துரு தின்று விழுந்த ஷீட்டில் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக அரித்து, விரலால் தொட்டாலே உதிரும். இந்த வித்தியாசம் நாலு மழை பெய்தால் மங்கிவிடும். அதனால் இன்றைக்கே ஓட்டைகளைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஷீட் கிடக்கிற இடத்திலிருந்து உங்கள் மாடி தெரிகிற மாதிரி ஒரு படம், வளைந்த பைப்புக்கு ஒரு படம். போனில் தேதி, இடம் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஷீட்டுகளை ஒரு ஓரமாக அடுக்கி மேலே கல் வையுங்கள், போதும்.

ஆனால் திறந்து கிடக்கிற இடத்தை மூடாமல் சர்வேயருக்காகக் காத்திருப்பதும் தப்பு. சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரர் கடமை. தார்ப்பாய் வாங்கிக் கட்டுங்கள், பில் வாங்கி வையுங்கள், கட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். கம்பெனிக்குப் போனில் சொன்னீர்களே, க்ளெய்ம் நம்பர் வாங்கினீர்களா? அது இல்லாவிட்டால் நீங்கள் சொன்னதாகவே கணக்கு இல்லை. க்ளெய்ம் படிவத்தைச் சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. சர்வேயருக்குக் கூலி கம்பெனி கொடுக்கும். நீங்கள் மோர் கொடுத்தால் போதும்.

ஐயா, எங்க தாத்தா கட்டின சீமை ஓட்டு வீடு. வடக்குப் பக்கம் நூத்தம்பது ஓடு போச்சு. வந்த சர்வேயர் "வீடு பழசு, இது தேய்மானம்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டார். (உசிலம்பட்டி)

வீடு பழசு என்பது க்ளெய்மை மறுக்கக் காரணம் ஆகாதம்மா. எது விழ வைத்தது என்பதுதான் கேள்வி. அறுபது வருஷம் நின்ற ஓடு அந்த ஒரு சாயங்காலத்தில் விழுந்திருக்கிறது என்றால், அதைக் காட்ட வேண்டியது உங்கள் வேலை.

உடைந்த ஓடு ஒன்றை எடுத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். புது உடைப்பு செக்கச்செவேல் என்று இருக்கும். பழைய விரிசலில் உடைந்திருந்தால் அந்த முகம் பாசி பிடித்துக் கறுத்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறித் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து போனபோது, நத்தம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மா உடைந்த ஓடு ஒன்றைக்கூடக் கொட்டாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார். திண்ணையில் கொட்டிப் பிரித்தோம். சிவப்பு ஒரு குவியல், கறுப்பு ஒரு குவியல். கறுப்புக் குவியலில் ஏழெட்டு ஓடுதான். அதற்குமேல் நான் எழுத என்ன இருக்கிறது? நீங்களும் அப்படிப் பிரித்து வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்து, உங்கள் தெருவையும் படம் எடுங்கள். பக்கத்து வீட்டு வேம்பு முறிந்தது, மின்கம்பம் சாய்ந்தது, எதிர்த்த கடைப் பலகை தொங்கியது, எல்லாமே காற்றுக்குச் சாட்சி. உள்ளூர்ப் பதிப்பில் செய்தி வந்திருந்தால் கத்தரித்து வையுங்கள். வானிலை ஆய்வு மையத்தில் அன்றைய பதிவைக் கேட்டும் வாங்கலாம். ஆனால் கோடைக் காற்று ஒரு ஊரில் அடித்து அடுத்த ஊரை விட்டுவிடும். மதுரை விமான நிலையத்தில் காற்றே பதிவாகாமல் உசிலம்பட்டியில் மரம் சாய்ந்திருக்கலாம். அந்தத் தாளை மட்டும் நம்பினால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். தெருப் படம்தான் பலம்.

கைமரம் செல்லரித்து, அதனால் ஓடு சரிந்திருந்தால் மட்டும் சர்வேயர் சொன்னது சரி. ஏறிப் பாருங்கள்.

மழை பெய்ஞ்சா காங்கிரீட் தளம் ஒழுகுது, உள்ளே பெயின்ட் எல்லாம் உப்பிருச்சு. க்ளெய்ம் பண்ணலாமா சார்? (கே.கே.நகர்)

முடியாது. கசிவு மெதுவாக நடப்பது. சீலிங்கில் காபிக் கறை மாதிரி வளையம் வளையமாக இருக்குமே, ஒவ்வொரு வளையமும் ஒரு மழைக்காலம், அதைப் பார்த்ததும் சர்வேயருக்குத் தெரிந்துவிடும். தட்டோடு பதிக்கிற கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸே இல்லைன்னு நினைச்சேன். வீட்டு லோன் வாங்கும்போது ஏதோ பிடிச்சாங்கன்னு மனைவி சொல்றா. (ஒத்தக்கடை)

மனைவி சொல்வதைக் கேளுங்கள். லோன் கோப்பை எடுத்துப் பாருங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கிற பாலிசி. கூரைக்கு அதனால் பயன் இல்லை. இன்னொன்று கட்டடத்துக்கானது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்திருந்தால் பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று இருக்கும். வீடுகளுக்கு எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் தர வேண்டிய பாலிசி அது. புயல், காற்று, வெள்ளம், இடி எல்லாம் அதற்குள் அடக்கம்.

பாலிசியில் வங்கி பெயரும் இருந்தால் பணம் கடன் கணக்குக்குப் போக வாய்ப்பு உண்டு. கூரை வேலைக்கு உங்கள் கையில் வேண்டும் என்றால், கிளை மேலாளரிடம் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கேளுங்கள். இதை முதல் நாளே செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்க கூரை மேல விழுந்து சுற்றுச்சுவரும் போச்சு. அவங்ககிட்டதானே கேட்கணும்? (அலங்காநல்லூர்)

முதலில் உங்கள் பாலிசியில் கேளுங்கள். மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அதில் உண்டு, சுற்றுச்சுவரும் கட்டடத்தில் சேர்த்திதான். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கு அப்புறம் போகலாம், போகாமலும் இருக்கலாம். மரத்தை வெட்டுவதற்கு முன் படம் எடுங்கள். குப்பை அகற்றும் செலவுக்கும் க்ளெய்ம் தொகையில் 2% வரை தனியாகக் கிடைக்கும், கூலிக்குச் சீட்டு வாங்கி வையுங்கள்.

கூரை வழியா தண்ணி இறங்கி மெத்தை, பீரோ போச்சு. டிவி இடி விழுந்தப்பவே போச்சு. (மேலூர்)

கட்டடத்துக்குப் பாரத் கிருஹ ரக்ஷா எடுத்திருந்தால், வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேர்ந்திருக்கும். மெத்தையும் பீரோவும் அதில் வரும்.

டிவிதான் சிக்கல். மின்சாரம் ஏறி, ஷார்ட் ஆகி ஒரு கருவி தானே எரிந்தால், இடியே காரணமாக இருந்தாலும் அந்தக் கருவிக்குப் பணம் இல்லை என்று பாலிசி சொல்கிறது. அதிலிருந்து தீ பரவித் திரைச்சீலை எரிந்தால் திரைச்சீலைக்கு உண்டு. கேட்கிறவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைக்கிறார்கள். வாசகம் எழுதியது நான் இல்லை.

மேஸ்திரி 1,40,000 எஸ்டிமேட் கொடுத்தார். சர்வேயர் 62,000னு போட்டிருக்கார். கையெழுத்துப் போடச் சொல்றாங்க. (வாடிப்பட்டி)

மேஸ்திரி என்ன எழுதினார்? "கூரை வேலை மொத்தம்" என்று ஒரே வரியா? அப்படி என்றால் சர்வேயர் தன் கணக்கைத்தான் போடுவார். ஷீட் எத்தனை சதுர அடி, பைப் எத்தனை கிலோ, ஸ்க்ரூ, வெல்டிங் கூலி, ஏற்றுக்கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வெறும் தகரம் இருந்த இடத்துக்கு, சூடு இறங்காமல் நடுவே நுரை வைத்த பஃப் ஷீட் கேட்டிருந்தால் கூடுதல் பணம் உங்கள் கையிலிருந்துதான்; முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவருகிற செலவைத்தான் கம்பெனி கொடுக்கும்.

பழைய தீக்காப்பீட்டு பாலிசியாக இருந்தால் இன்னொரு வெட்டும் விழும். 20 லட்சம் பெறும் கட்டடத்தை 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால் ஒரு லட்சம் சேதத்துக்கு ஐம்பதாயிரம்தான். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

"முழு, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2024இல் வந்த விதிப்படி சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கைக்கு வந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலோ 155255 எண்ணிலோ பதியுங்கள். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரை அங்கே தீர்ப்புச் சொல்ல முடியும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் அவகாசம். என் அனுபவத்தில், பிரித்து எழுதிய எஸ்டிமேட்டைக் கண்டதும் பாதிப் பிரச்சினை கம்பெனி அளவிலேயே முடிந்துவிடும்.

எங்களது கூரை வீடு. பாலிசி எல்லாம் கிடையாது. (பேரையூர்)

கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லி எழுத வையுங்கள். வருவாய் ஆய்வாளர் பார்த்துத் தாசில்தாருக்கு அனுப்புவார். பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறையில் சேதமடைந்த குடிசைக்கு வைத்திருந்த தொகை 8,000 ரூபாய். காணாது, ஆனால் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஒழுகலையும் இதோட சேர்த்து எழுதிடலாம்னு மச்சான் சொல்றார். (பெயர் வேண்டாம்)

மச்சானிடம் சொல்லுங்கள்: ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான சேதத்துக்கும் சேர்த்து மொத்த க்ளெய்மும் போய்விடும்.

இன்னைக்குப் போய் பாலிசி எடுத்தா போன வாரக் காத்துக்குக் கிடைக்குமா அண்ணே? (செல்லூர்)

கிடைக்காது. ஐப்பசி மழைக்குக் கிடைக்கும். மனை விலையைச் சேர்க்காமல், உள்ளளவு சதுர அடியை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கித் தொகை போடுங்கள். பாலிசி வாங்கிய அன்றைக்கே ஏணி வைத்து ஏறி, நன்றாக இருக்கிற கூரையைப் படம் எடுத்து வையுங்கள்.