பட்டிக்குக் கூரை உண்டா?

கேள்வி: லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். போன குளிர்காலத்தில் அவர்கள் பட்டிக்குள் பனிச்சிறுத்தை இறங்கி, ஒரே இரவில் பதினான்கு ஆடுகளைக் கொன்றுவிட்டதாம். தின்றது ஒன்றைத்தான். நண்பர்கள் சேர்ந்து உதவலாம் என்றிருக்கிறோம். காவல் நாய் வாங்கித் தரலாமா, சோலார் விளக்கா? (வாசகர், கோவை)

பதில்: இரண்டும் வேண்டாம். பட்டிக்குக் கூரை போட்டுக் கொடுங்கள்.

நீங்கள் பார்த்த பட்டிக்கு நாலு பக்கமும் கல் சுவர், மேலே வெறும் வானம். அப்படித்தானே? பாறைக்குப் பாறை தாவுகிற மிருகத்துக்கு அதெல்லாம் ஒரு சுவரா?

ஒன்றைத் தின்ன எதற்குப் பதினான்கு? மலையில் பரல் எனும் காட்டு ஆட்டுக் கூட்டத்தின் மேல் அது பாய்ந்தால் ஒன்று சிக்கும். மற்றவை செங்குத்துப் பாறையில் ஏறித் தப்பிவிடும். வேட்டை அதோடு முடிந்தது. பட்டிக்குள் தப்ப வழியில்லை. மிரண்ட ஆடுகள் கண்ணெதிரே சுற்றிச் சுற்றி ஓட, அது அடித்துக்கொண்டே இருக்கும். வெறியும் இல்லை, வஞ்சமும் இல்லை. ஆனால் விடிந்ததும் அந்தக் காட்சியைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்! சிறுத்தைகள் பழிக்குப் பழியாகக் கொல்லப்படுவது பெரும்பாலும் இப்படி ஒரு இரவுக்குப் பிறகுதான். 2024 ஜனவரியில் வெளியான கணக்குப்படி இந்தியா முழுக்க 718 பனிச்சிறுத்தைகள். அதில் 477 லடாக்கில்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சுவர்களின் மேல் குறுக்கே பாப்லர் மரக் கழிகளைப் பரப்பி, அதன்மேல் கனமான கம்பி வலையை இழுத்துக் கட்ட வேண்டும். கதவு நிலையோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். காற்றுக்கு விட்ட துவாரத்துக்கும் வலை. கல்லும் உழைப்பும் அவர்களுடையதாக இருக்கட்டும், வலைக்கும் கதவுக்கும் நீங்கள் கொடுங்கள். தன் கையால் கட்டிய பட்டியை யாரும் பழுதாக விடமாட்டார்கள்.

மின்னும் விளக்கு கொஞ்ச நாள் மிரட்டும், அப்புறம் பழகிவிடும். நாய் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன்: லடாக்கில் கட்டவிழ்ந்து திரியும் நாய்களே இன்று ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. அந்தக் கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

வலை, பட்டியை மட்டும்தான் காக்கும். மேய்ச்சலில் ஓநாயும் வரும், சிறுத்தையும் வரும். அங்கே ஆள் கூடவே இருந்தால்தான் உண்டு. அந்த இழப்புக்கு இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டியின் கிப்பர் கிராமத்தில் 2002 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கால்நடை வைத்திருப்பவர்கள் தாங்களே சந்தா கட்டி, ஊர்க் கமிட்டி வழியாகக் காப்பீடு நடத்துகிறார்கள். பணம் மிஞ்சினால் அப்படி ஒன்றைத் தொடங்க ஊரார் தயாரா என்று கேளுங்கள்.

கோடை மேய்ச்சல் முடிந்து ஆடுகள் இறங்கி வருவதற்குள் வேலை முடிய வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன் பட்டியின் நீள அகலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கதவையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.