நீதிமொழிகள தினசரி வாழ்க்கைல எப்படி எடுத்துக்கறது? கேள்வி பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நீதிமொழிகள், யோபு, பிரசங்கி, யாக்கோபு மாதிரி பைபிள் புஸ்தகங்கள் வீட்லயும் வேலை இடத்துலயும் எப்படி உதவும்னு கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். சில விஷயம் வீட்டுக்குள்ள நடக்கறதுங்கறதால யார் பேரும் போடல.

கேள்வி: ஐயா, என் மகன் சண்டே ஸ்கூல்ல எல்லா மனப்பாட வசனமும் சொல்லுவான். வேலைக்கு போனப்புறம் சபைக்கே வர்றதில்ல. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்"னு இருக்கே, அப்ப நான் வளர்த்த விதம்தான் தப்பா?

பதில்: அம்மா, அந்த வசனத்த (நீதிமொழிகள் 22:6, அதாவது 22ம் அதிகாரம் 6ம் வசனம்) வெச்சு உங்கள நீங்களே தண்டிச்சுக்கறத முதல்ல நிறுத்துங்க. நீதிமொழிகள்ல இருக்கறது வாழ்க்கை பொதுவா எப்படி போகும்னு கவனிச்சு சொன்ன ஞானம், ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த கேரண்டி இல்ல. சுறுசுறுப்பா இருக்கறவன் கை செல்வத்த உண்டாக்கும்னு 10:4 சொல்லுது, ஆனா ஏழையோட வயல் நல்லா விளைஞ்சும் அநியாயத்தால கெட்டுப்போறவங்க உண்டுன்னு 13:23 சொல்லுது, ரெண்டும் ஒரே புஸ்தகம்தான். ராஜாக்கள் வரலாற்ற பாருங்க, நல்ல எசேக்கியாவுக்கு பொல்லாத மனாசே பிறந்தான், பொல்லாத ஆமோனுக்கு நல்ல யோசியா பிறந்தான். எல்லாத்துக்கும் மேல ஏசாயா 1:2ல கர்த்தரே "பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்"னு சொல்றாரு, அவர் வளர்த்த விதம் தப்புன்னு சொல்ல முடியுமா? சபைல யாராவது உங்ககிட்ட 22:6 சொல்லி குத்தினா இந்த வசனத்த காட்டுங்க.

அப்புறம் ஒண்ணு, அவன் போன் பண்ணும்போது "சபைக்கு போனியா"ன்னு ஆரம்பிக்காதீங்க. சாப்டியா, வேலை எப்படி போகுதுன்னு கேளுங்க, அவன் பேசறத முழுசா கேளுங்க. அம்மாகிட்ட பேசறதே அவனுக்கு கஷ்டமாயிட்டா திரும்பி வர்ற வழியும் கஷ்டமாயிடும். ஜெபத்த மட்டும் விடாதீங்க.

கேள்வி: பிரதர், சபைல கூட இருக்கற சிநேகிதன் பிசினஸ் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேக்கறான். மாட்டேன்னா அன்பில்லாதவன்னு ஆயிடுமா?

பதில்: ஆகாது. இந்த விஷயத்துல நீதிமொழிகள் சுத்தி வளைக்கறதே இல்ல, 6:1-5, 11:15, 17:18, 22:26-27ன்னு திரும்பத் திரும்ப எச்சரிக்குது, குடுக்க ஒண்ணும் இல்லேன்னா நீ படுத்திருக்கற படுக்கையையே எடுத்துட்டு போவான்னு கூட சொல்லுது. அதே புஸ்தகம்தான் ஏழைக்கு இரங்கறவன் கர்த்தருக்கு கடன் குடுக்கறான்னும் (19:17) சொல்லுது. ரெண்டும் எப்படி சேரும்னா, கைல இருக்கறத குடுக்கறது தாராளம், கைல இல்லாதத தர்றேன்னு கையெழுத்து போடறது வேற. அப்போஸ்தலன் பவுல் ஒநேசிமுங்கற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது அவன் பட்ட கடன என் கணக்குல வை, நானே தீர்ப்பேன்னு எழுதறாரு, அவர் தன் கடனாவே அத எடுத்துக்கிட்டாரு. அதனால அவன் ஒரு தவணை கூட கட்டலேன்னா முழுசும் என்னால கட்ட முடியுமா, கட்டின பிறகும் அவன் மேல கசப்பு இல்லாம இருப்பேனான்னு யோசிங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மனைவிகிட்டயும் பேசுங்க. முடியாதுன்னா "கையெழுத்து போட மாட்டேன்டா, ஆனா இவ்வளவு என்னால தர முடியும், திருப்பித் தர வேணாம்"னு முகத்த பாத்து சொல்லிடுங்க. நாள கடத்தினா அவன் உங்கள நம்பிக்கிட்டே இருப்பான், அதுதான் அன்பில்லாம நடந்துக்கறது.

இதுக்கு கீழ இன்னொருத்தர்: நான் ஏற்கனவே போட்டுட்டேன் பிரதர்.

பதில்: அப்ப 6:3-5 உங்களுக்குத்தான். தூங்கறதுக்கு முன்னாடி போய் கெஞ்சியாவது விடுபட பாருன்னு சொல்லுது, கௌரவம் பாக்காதன்னு அர்த்தம். லோன் குடுத்த இடத்துல பாக்கி எவ்வளவு, உங்கள விடுவிக்க என்ன வழின்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

கேள்வி: நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு பதில் சொல்லாதேங்குது, அடுத்த வசனமே பதில் சொல்லுங்குது. முரண்பாடு இல்லையா?

பதில்: வேணும்னேதான் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்க. எங்க எதுன்னு நாமதான் பாக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் சும்மா சீண்டறாரா, விடுங்க, நீங்களும் அவர் மாதிரி ஆயிடுவீங்க. ஆனா அவர் சொல்ற பொய்ய புது விசுவாசிங்க நம்பறாங்கன்னா ஒரு தடவ மரியாதையா திருத்திட்டு வெளிய வந்துடுங்க.

கேள்வி: ஐயா, கணவர் அடிக்கிறார். பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணுன்னு மட்டும்தான் சொல்றாங்க.

பதில்: சகோதரி, ஜெபம் பண்ணுங்க, அடி வாங்கற இடத்துல இருந்துதான் பண்ணணும்னு வேதம் எங்கயும் சொல்லல. சவுல் ராஜா ஈட்டி எறிஞ்சப்ப தாவீது திருப்பி எறியல, ஆனா அங்க நிக்கவும் இல்ல, அன்னைக்கு ராத்திரியே தப்பிச்சுப் போனான் (1 சாமுவேல் 19:10). சவுல் தேவனால ராஜாவா அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு தெரிஞ்சுதான் போனான். விவேகி ஆபத்த கண்டு மறைஞ்சுக்கறான்னு நீதிமொழிகள் 22:3 சொல்லுது. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க, பாதுகாப்பான இடத்துக்கு போங்க, காயம் இருந்தா டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்குங்க, போலீஸ்கிட்ட போறது விசுவாசக் குறைவு இல்ல. மன்னிக்கறது, மறுபடி சேர்ந்து வாழறதெல்லாம் நீங்க பத்திரமான பிறகு பேசற விஷயம்.

கேள்வி: சிநேகிதியோட குழந்தை இறந்துடுச்சு. என்ன வசனம் அனுப்பறது?

பதில்: இப்போதைக்கு எதுவும் அனுப்பாதீங்க சிஸ்டர், நேர்ல போங்க. பிள்ளைகள இழந்த யோபோட சிநேகிதருங்க ஏழு நாள் ராப்பகலா தரைல உக்காந்து ஒரு வார்த்தையும் பேசாம இருந்தாங்களே (யோபு 2:13), அதுதான் அவங்க செஞ்சதுலயே நல்ல காரியம். அப்புறம் வாய தொறந்து நீ ஏதோ பாவம் செஞ்சிருப்பன்னு ஆரம்பிச்சாங்க, கடைசில கர்த்தர் அவங்க மேல கோபப்பட்டாரு (42:7). அவங்க சொன்னதுல பல வரி தனியா படிச்சா சரியாத்தான் இருக்கும், சொன்ன ஆளும் நேரமும்தான் தப்பு. துக்கத்துல இருக்கறவனுக்கு பாட்டு பாடறது குளிர்காலத்துல துணிய உருவற மாதிரின்னு நீதிமொழிகள் 25:20 சொல்லுது. அதனால "தேவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பார்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. பாத்திரம் கழுவிக் குடுங்க, மூத்த பிள்ளை இருந்தா ஸ்கூலுக்கு கூட்டிட்டு போங்க. குழந்தை பேர சொல்லி பேசுங்க, மத்தவங்கல்லாம் பயந்து அந்த பேரையே தவிர்ப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு எல்லாரும் வர்றத நிறுத்தின பிறகும் போங்க.

கேள்வி: ஜெபக் குழுல அடுத்தவங்க பிரச்சினைய சொல்லி ஜெபம் பண்றது புறங்கூறுதலா?

பதில்: சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சா இல்ல. சம்மதம் வாங்கலேன்னா "ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்"னு சொன்னா போதும், தேவனுக்கு விலாசம் தெரியும்.

கேள்வி: நீதிமொழிகள் எப்படி படிக்க ஆரம்பிக்கறது?

பதில்: 31 அதிகாரம் இருக்கறதால தேதிக்கு ஒண்ணுன்னு பலபேர் படிப்பாங்க, நல்ல பழக்கம்தான். ஆனா 10ம் அதிகாரத்துல இருந்து பெரும்பாலும் தனித்தனி வரி, மளமளன்னு படிச்சா ஒண்ணும் நிக்காது. ஒரு வசனத்த மட்டும் எடுத்து இன்னைக்கு நான் பேசப்போற எந்த ஆளுக்கு இது பொருந்தும்னு யோசிச்சுட்டு கிளம்புங்க. பிள்ளைங்களோட படிக்கறதா இருந்தா 30:24-28ல ஆரம்பிங்க, எறும்பு, குழிமுசல், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் வருது, அவங்களே கேள்வி கேப்பாங்க.