பாஷ் ஷெல்லில் இரண்டு வேலைகளின் கட்டளை வரலாற்றைத் தனித்தனியாக வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பகலில் கொள்ளுப்பிட்டியில் அலுவலக வேலை, இரவில் வெள்ளவத்தை வீட்டில் சொந்த புரொஜெக்ட், இரண்டுக்கும் ஒரே லப்டொப். பாஷ் ஷெல்லில், அதாவது கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் நிரலில், முந்தைய கட்டளையை எடுக்க மேல் அம்பை அழுத்தினால் மற்ற வேலையின் கட்டளை வந்து நிற்கிறது. பிரிக்கலாமா?

தாராளமாகப் பிரிக்கலாம். பிரித்தே ஆகவேண்டும் என்றுகூடச் சொல்வேன். சோதனை சர்வருக்கான அழிப்புக் கட்டளை அலுவலக சர்வரில் ஓடினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பாஷ், நீங்கள் அடிப்பதை முதலில் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ஷெல்லை மூடும்போதுதான் கோப்பில் எழுதும். எந்தக் கோப்பு என்பதைத் தீர்மானிப்பது ஹிஸ்ட்ஃபைல் என்ற மாறி, அதாவது பாஷ் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர். ஆகவே வேலைக்கு ஒரு கோப்பு வைத்து, மாறும்போது அந்த மாறியை மாற்றினால் போதும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஹிஸ்டரி கட்டளையை ‘-ஏ’ உடன் கொடுங்கள். இதுவரை அடித்தவை பழைய கோப்பில் சேரும். அப்புறம் ஹிஸ்ட்ஃபைலை மாற்றி, ‘-சி’ கொடுத்து நினைவகத்தைக் காலியாக்கி, ‘-ஆர்’ கொடுத்துப் புதிய கோப்பை வாசிக்கச் செய்யுங்கள். மாறியை முதலில் மாற்றிவிட்டால் அலுவலகக் கட்டளைகள் வீட்டுக் கோப்புக்குள் போய்விடும். ‘-ஏ’யை விட்டுவிட்டால் அன்றைய கட்டளைகள் தொலைந்துவிடும். இந்த நான்கையும், பாஷ் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், ஒரே பெயரால் இயக்கக்கூடிய ஃபங்ஷனாக எழுதி வையுங்கள்.

பழைய வரிகளை அழிக்காமல் கோப்பின் முடிவில் சேர்க்கச் செய்யும் ஹிஸ்ட்அப்பெண்ட் தெரிவையும், பாஷின் தெரிவுகளை மாற்றும் ஷொப்ட் கட்டளையால் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஜன்னல்கள் ஒரே கோப்பைப் பயன்படுத்தும்போது, கடைசியாக மூடுவது மற்றதன் வரிகளை அழித்துவிடும். எண்ணிக்கையை மாற்றாவிட்டால் பாஷ் வைத்திருப்பது 500 கட்டளைகள்தான். அதைத் தீர்மானிக்கும் ஹிஸ்ட்சைஸ் மாறியின் மதிப்பைக் கூட்டினால் அதிகம் வைத்திருக்கும்.