கணக்கு மென்பொருளை மாற்றுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சொந்த வரவு செலவைப் பல ஆண்டுகளாகக் கணினியில் எழுதிவருகிறேன். இதுவரை மூன்று முறை மென்பொருள் மாற்றியிருக்கிறேன். ஒரு முறை மோசமாக அடிபட்டேன். வந்திருக்கும் கேள்விகளுக்குள் போகும் முன் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். எதையும் தொடுவதற்கு முன்னால் ஓர் இருப்புத் தாள் தயாரியுங்கள். ஒவ்வொரு கணக்கின் பெயர், இன்றைய இருப்பு, வங்கி அறிக்கையோடு கடைசியாக எந்தத் தேதி வரை ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்ற விவரம், இவ்வளவுதான். ஒரே பக்கம். கணினிக்குள் வைக்காமல் தாளில் வையுங்கள்.

கேள்வி 1: வணக்கம் ஐயா. நான் பயன்படுத்தும் மென்பொருளை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். எதற்கு மாறலாம்? எது சிறந்தது?

வணக்கம். இது புதிய கதை அல்ல. 1991-இல் வந்த மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருளின் விற்பனை 2009-இல் நின்றது. 2007-இல் தொடங்கிய மின்ட் என்ற இணையக் கணக்குச் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. லட்சக்கணக்கானோர் நம்பி எழுதிய கணக்குகள் அவை. அதனால் ஒரு மென்பொருளில் என்னென்ன வசதி உண்டு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். என் கணக்கை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

சோதித்துப் பார்ப்பது எளிது. புதிய மென்பொருளில் பத்துப் பதிவுகள் எழுதுங்கள். ஒன்றை இரண்டு தலைப்புகளாகப் பிரியுங்கள், ஒன்றில் நீண்ட குறிப்பு எழுதுங்கள், ஒன்றைக் கணக்கு விட்டுக் கணக்குப் பரிமாற்றமாக வையுங்கள். பிறகு ஏற்றுமதி செய்து, வந்த கோப்பைத் திறந்து பாருங்கள். பிரித்த பதிவு ஒரே வரியாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ குறிப்பு காணாமல் போயிருந்தாலோ, அதைத் தேர்வு செய்ய வேண்டாம்.

கணினியில் வைத்துக்கொள்ளும் இலவச மென்பொருள்களில் குனூகேஷ், கேமைமணி இரண்டும் இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கத் தகுந்தவை. குனூகேஷ் இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என்று இரண்டு கணக்குகளில் எழுதுவதை, விட்டுக்கொடுக்காது. முதல் வாரம் கடினமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

கேள்வி 2: தொடக்க இருப்பாக எதைப் போடுவது? வங்கி அறிக்கையில் 42,310 இருக்கிறது. என் பழைய மென்பொருள் 39,310 என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. நீங்கள் 3,000-க்குக் கொடுத்த ஒரு காசோலை இன்னும் வங்கிக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். பழைய கணக்கில் சரிபார்ப்புக் குறி இல்லாத பதிவுகளைத் தேடுங்கள், கிடைத்துவிடும்.

தொடக்க இருப்பாக வங்கி அறிக்கையின் 42,310-ஐப் போடுங்கள். அறிக்கை முடிகிற நாளையே தொடக்க நாளாக வையுங்கள். அந்தக் காசோலையை மறுநாள் தேதியிட்டுத் தனிப் பதிவாக எழுதி, கொடுத்த உண்மையான தேதியைக் குறிப்பில் சேருங்கள். இப்போது புதிய மென்பொருளும் 39,310 காட்டும். அடுத்த மாத அறிக்கையில் காசோலை வரும்போது அதற்கு எதிரே குறியிட ஒரு பதிவு காத்திருக்கும்.

39,310-ஐயே தொடக்கமாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் வங்கி அந்த 3,000-ஐக் கழிக்கும். உங்களிடம் அதற்குப் பதிவே இருக்காது. விட்டுப்போயிற்று என்று நினைத்து ஒன்றை எழுதுவீர்கள். அதோடு கணக்கு உதைக்க ஆரம்பிக்கும்.

கேள்வி 3: கடன் அட்டைக்கும் வீட்டுக் கடனுக்கும் தொடக்க இருப்பு எப்படி?

இரண்டும் தர வேண்டிய பணம், ஆகவே கழித்தல் பக்கம். அட்டைக்கு, அறிக்கையில் உள்ள பாக்கி. கடனுக்கு, மீதமுள்ள அசல் மட்டும். மீதித் தவணைகளை எல்லாம் கூட்டிப் போடாதீர்கள். வரப்போகிற வட்டி இன்னும் கடன் ஆகவில்லை.

கேள்வி 4: எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

1-ஆம் கேள்விக்கான பதிலில் உள்ள பத்துப் பதிவுச் சோதனையில் தேறுவது.

கேள்வி 5: பழைய மென்பொருளிலிருந்து க்யூஐஎஃப் கோப்பாக எடுத்து ஏற்றினேன். இருப்பு சரியாக இருக்கிறது. மாத அறிக்கைகள் மட்டும் தாறுமாறாக இருக்கின்றன. ஏன்?

நான் அடிபட்ட இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். க்யூஐஎஃப் குவிக்கன் மென்பொருளுக்காக உருவான பழைய வடிவம். ஒவ்வொரு பதிவும் சில வரிகள், முடிவில் ஒரு கூரைக் குறி (^). தேதியில் நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்று கோப்புக்குள் எங்கும் எழுதியிருக்காது. ஏற்றுகிற மென்பொருள் ஊகிக்கிறது.

நான் பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகித்தது. 25/04 என்றால் 25-ஆவது மாதம் கிடையாது, ஆகவே ஏப்ரல் 25 என்று சரியாக எடுத்துக்கொண்டது. 03/04 என்று வந்ததை மார்ச் 4 ஆக்கிவிட்டது. ஒவ்வொரு மாதத்திலும் 12-ஆம் தேதிக்குப் பிந்தியவை எல்லாம் சரி. முதல் பன்னிரண்டு நாட்களில் 5/5 போல நாளும் மாதமும் ஒன்றாக இருந்தவை மட்டும் தப்பின. மற்றவை வருடம் முழுக்கச் சிதறின. மொத்த இருப்பு ஒரு காசு கூட மாறவில்லை. கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை அல்லவா? இருப்பு நேராக இருக்கிறது என்று நம்பி இரண்டு மாதம் புதுப் பதிவுகளும் எழுதிவிட்டேன். வங்கி அறிக்கையோடு ஒப்பிட உட்கார்ந்தபோதுதான் வெளிப்பட்டது.

நீங்கள் இப்போதே பார்த்துவிட்டீர்கள், நல்லது. ஏற்றியதைக் கையால் திருத்த முயல வேண்டாம். ஏற்றுவதற்கு முந்தைய நகலுக்குத் திரும்பி, தேதி வடிவத்தை நீங்களே குறிப்பிட்டு மறுபடி ஏற்றுங்கள். அதற்கும் முன்னால் மூன்றே பதிவுகள் உள்ள கோப்பை ஏற்றிப் பாருங்கள். அதில் 12-க்குள் ஒரு தேதியும் 12-ஐத் தாண்டிய ஒரு தேதியும் இருக்கட்டும். உங்கள் வங்கி ஓஎஃப்எக்ஸ் வடிவம் தந்தால் அதை எடுங்கள். 1997-இல் வந்த அந்த வடிவத்தில் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் உண்டு. ஒரே மாதத்தை இரண்டு முறை ஏற்றினாலும் நல்ல மென்பொருள் இரட்டிக்காது.

கேள்வி 6: ஏற்றிய பிறகு ஒரே மாதச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரிகிறது.

பரிமாற்றங்களைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் அட்டைக்குக் கட்டிய பணம் இரண்டு கணக்குகளின் கோப்பிலும் இருக்கும். க்யூஐஎஃப் கோப்பில் மறுகணக்கின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். புதிய மென்பொருளில் அந்தப் பெயர் ஓர் இடைவெளி மாறியிருந்தால் கூட இரண்டு பக்கமும் பொருந்தாமல் இரண்டு தனிப் பதிவுகளாக நிற்கும். முதலில் எல்லாக் கணக்குகளையும் அதே பெயரில், எழுத்துக்கு எழுத்து உருவாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கணக்காக ஏற்றி, ஒவ்வொன்றின் முடிவிலும் இருப்புத் தாளோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அட்டையில் 5,000-க்கு வாங்கினீர்கள், பிறகு அட்டைப் பாக்கியாக 5,000 கட்டினீர்கள். வாங்கியது செலவு. கட்டியது செலவு அல்ல, கடன் தீர்ந்தது. கட்டியதற்கும் செலவுத் தலைப்பு கொடுத்தால் 10,000 செலவானதாகக் காட்டும்.

கேள்வி 7: பதினான்கு வருடப் பதிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்று விடாமல் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். எப்படி?

கொண்டுபோகாதீர்கள். மாதம் 60 பதிவு என்றால் 10,080 பதிவுகள். நூற்றுக்கு ஒன்று பழுதாக ஏறினாலும் நூறு பிழைகள், அவற்றை நீங்கள் தேடிப் போக வேண்டும். வருடத் தொடக்கத்திலிருந்து புதிதாக எழுதுங்கள். பழையதைப் படிக்கக்கூடிய வடிவில் அப்படியே வையுங்கள்.

7-ஐக் கேட்டவர் மீண்டும்: இதை நான் ஏற்கவில்லை. பழைய கணக்கு இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. பதினான்கு வருட உழைப்பைப் பரணில் போடச் சொல்கிறீர்கள்.

ஒப்பிடுவதற்கு வருடவாரியாக ஒவ்வொரு தலைப்பின் மொத்தமும் போதும். அது நான்கு பக்க அறிக்கை. எந்த நாளில் என்ன வாங்கினீர்கள் என்ற வரியோடு நீங்கள் இன்றைய செலவை ஒப்பிடப் போவதில்லை.

இடையில் இன்னொருவர்: பங்குகள் வைத்திருப்பவர் என்ன செய்வார்? இன்றைய மதிப்பைத் தொடக்க இருப்பாகப் போட்டால், விற்கும்போது லாபமே இல்லை என்று காட்டுமே?

நீங்கள் சொல்வது சரி. நான் பொதுப்படையாகச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் கையில் இருக்கும் பங்குகளுக்கும் பரஸ்பர நிதி அலகுகளுக்கும், வாங்கிய ஒவ்வொரு தவணையின் தேதி, எண்ணிக்கை, விலை மூன்றும் வந்தே ஆக வேண்டும். இடையில் பங்கு பிரிக்கப்பட்டிருந்தால் அதுவும் வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைவாக நிற்கும். ஈவுத்தொகையைத் திரும்ப முதலீடு செய்திருந்தால் அதுவும் ஒரு கொள்முதல்தான். விற்றுத் தீர்த்தவை வேண்டாம். இவற்றைக் கோப்பாக ஏற்றாமல் கையால் எழுதுவதே நல்லது. பெரும்பாலும் சில டஜன் வரிகள்தான் இருக்கும்.

7-ஐக் கேட்டவர் மீண்டும்: ஆக, பழைய வரலாறு தேவை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இன்றைய கணக்கைத் தாங்கி நிற்கிற வரலாறு தேவை, ஆம். கையில் உள்ள பங்கு, தீராத கடன், ஒருவர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. முடிந்துபோன காய்கறிச் செலவு எதையும் தாங்கி நிற்கவில்லை.

இன்னொருவர்: நான் பதினோரு வருடக் கணக்கை நிரல் எழுதி, எழுத்துக் கோப்புக் கணக்கு முறைக்கு (பதிவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்பிலேயே எழுதி வைக்கும் முறை) மாற்றினேன். ஒரு பிழையும் இல்லை. உங்கள் அறிவுரை பயமுறுத்துகிறது.

வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். அந்த முறையில் பீன்கவுன்ட் போன்றவற்றில் 'இந்தத் தேதியில் இந்தக் கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். பொருந்தாவிட்டால் உடனே சொல்லிவிடும். மாதந்தோறும் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் உங்கள் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்கள் இதைப் பார்த்து அகலக்கால் வைக்க வேண்டாம்.

கேள்வி 8: ஐயா, எனக்கும் பழைய பதிவுகள் வேண்டும், ஆனால் தொகைக்காக அல்ல. என் கணவர்தான் கணக்கு எழுதுவார். ஒவ்வொரு செலவின் குறிப்பிலும் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார். அவர் இப்போது இல்லை.

அம்மா, அவற்றை எந்த மென்பொருளுக்கும் மாற்ற வேண்டாம். மாற்றும்போது முதலில் தொலைவது குறிப்புகள்தான். பழைய மென்பொருளிலேயே எல்லாக் கணக்குகளுக்கும் முழுக் காலத்துக்குமான பதிவு அறிக்கை எடுங்கள். அறிக்கை அமைப்பில் குறிப்புப் பத்தியைச் சேர்க்க மறக்காதீர்கள். பிடிஎஃப் ஆகவும் சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆகவும் இரண்டும் சேமியுங்கள். பிறகு அவர் எழுதியதில் மிக நீளமான குறிப்பு ஒன்றைத் தேடி, கடைசிச் சொல் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தியின் அகலம் போதாமல் பிடிஎஃப்பில் பாதியில் வெட்டுப்படுவது வழக்கம். தமிழில் எழுதியிருந்தால் சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வையுங்கள். எங்காவது தடைப்பட்டால் மறுபடி எழுதுங்கள், கூடவே இருந்து முடித்துத் தருகிறேன்.

கேள்வி 9: மாறும்போது வரிக் கணக்குக்குச் சிக்கல் வருமா?

வரி என் துறை அல்ல. வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி 10: எது சிறந்த மென்பொருள்? எந்தப் பங்கு வாங்கலாம்?

முதலாவதற்கு இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல நான் தகுதியானவன் அல்ல.

கேள்வி 11: எல்லாம் ஏற்றியாயிற்று. ஒரு கணக்கில் மட்டும் 270 இடிக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன்.

270 ஒன்பதால் வகுபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 1,520-ஐ 1,250 என்று அடித்துப் பாருங்கள், வித்தியாசம் சரியாக 270. ஆகவே நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் 3 வித்தியாசம் உள்ள தொகைகளை மட்டும் தேடுங்கள். அது இல்லையென்றால் பாதியைத் தேடுங்கள்: 135 என்று ஒரு பதிவு வரவுக்குப் பதில் செலவாகவோ, செலவுக்குப் பதில் வரவாகவோ ஏறியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் 270 என்றே ஒரு பதிவு விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு முறை இருக்கும். 'சரிக்கட்டும் பதிவு' என்று ஒன்றைப் போட்டு மூடிவிடாதீர்கள்.

11-ஐக் கேட்டவர் மீண்டும்: 135 தான் ஐயா. வட்டி வரவு, செலவில் இருந்தது. நேராகிவிட்டது.

மிக்க மகிழ்ச்சி. இப்போதே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி 12: இரண்டு மென்பொருளிலும் எத்தனை நாள் சேர்த்து எழுதுவது?

புதியதில் ஒரு முழு மாதத்தை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு வித்தியாசம் பூஜ்யம் வரும் வரை. அடுத்த மாதமும் அப்படியே வந்தால் பழையதில் எழுதுவதை நிறுத்தலாம்.

கேள்வி 13: நிறுத்திய பிறகு பழைய மென்பொருளை நீக்கிவிடலாமா?

வேண்டாம். நிறுவும் கோப்பு, உரிம எண், கடைசி நகல் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். இருப்புத் தாளும் அதே உறையில்.

கேள்வி 14: இருப்புத் தாளைக் கையால் எழுதலாமா? என்னிடம் அச்சுப்பொறி இல்லை.

தாராளமாக எழுதலாம். மேலே தேதி போடுங்கள்.