பனியில் வெறுங்காலோடு நிற்கும் பென்குயினுக்குக் கால் ஏன் உறைவதில்லை?

காரைக்குடி வெயிலில் வளரும் பிள்ளைகள் பென்குயின் படம் பார்த்ததும் கேட்கிற அருமையான கேள்வி இது. இதற்கான ஏற்பாட்டை 'எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம்' என்பார்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு ரத்த ஓட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சூட்டைக் கைமாற்றிக்கொள்வது, அவ்வளவுதான்.

உடலிலிருந்து காலுக்கு இறங்கும் ரத்தம் சூடானது; பாதத்திலிருந்து ஏறும் ரத்தம் குளிர்ந்தது. இரண்டு குழாய்களும் ஒட்டியே ஓடுவதால், இறங்கும் ரத்தத்தின் சூடு ஏறும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. பால் ஆறவேண்டும் என்று ஆச்சி டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைப்பார்களே, பால் ஆறும், தண்ணீர் வெதுவெதுப்பாகும், அதே கதைதான். பென்குயினிடம் அந்தச் சூடு வீணாகாமல் உடலுக்கே திரும்புகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும். அதுவே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேரரசப் பென்குயின். குளிர் கூடினால் விரல்களைத் தூக்கி, குதிகாலிலும் வாலிலும் சாய்ந்து நிற்கும். ஆண் பறவை அந்தக் கால்மேல்தான் இரண்டு மாதத்துக்கும் மேலாக முட்டையை அடைகாக்கிறது!

அப்புறம், பென்குயின் என்றாலே பனி என்று பலர் நினைக்கிறார்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய கலாபகஸ் தீவுகளிலும் ஓர் இனம் வாழ்கிறது.