கிளாசிக்கல் கிட்டாருக்கான பணிப்பலகை: குழிவையும் கழுத்துச் சரிவையும் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: 650 மி.மீ. கம்பி நீளம் கொண்ட என் முதல் கிளாசிக்கல் கிட்டாரை ஸ்பானிய முறையில் (கழுத்தையும் உடலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை) செய்யவிருக்கிறேன். அதற்கான பணிப்பலகையை, அதாவது கிட்டாரைக் குப்புற வைத்துக் கட்டும் பலகையை, சமதளமாகவே வைத்துக்கொள்ளலாமா, குழிக்க வேண்டுமா? குழிப்பதென்றால் எவ்வளவு ஆழம்? கழுத்துப் பகுதியைச் சரிவாக இழைக்க வேண்டும் என்கிறார்கள்; அது எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியில் குழிவும் சரிவும் இரண்டு தனித்தனி அளவுகளாக நிற்கின்றன. உண்மையில் அவை ஒரே கணக்கின் இரண்டு உறுப்புகள். ஒன்றை ஒருவரிடமிருந்தும் மற்றொன்றை வேறொருவரிடமிருந்தும் எடுத்துப் பலகையைச் செய்துவிட்டால், பிரிட்ஜ் (மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) ஒட்டும் நாளில் கம்பிகள் மேற்பலகையிலிருந்து மிக உயரத்திலோ மிகத் தாழ்விலோ நிற்கும். அப்போது திருத்துவதற்கு அதிக வழியிருக்காது. ஆகவே மரத்தை வெட்டுவதற்கு முன் தாளில் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஸ்பானியக் கைவினைஞர்கள் சொலேரா என்றழைக்கும் இந்தப் பலகையின் மேல் கிட்டார் முகம் குப்புறக் கிடந்தபடி உருவாகிறது. மேற்பலகையின் முகம் கீழ்நோக்கி இருப்பதால், அதில் வெளிப்பக்கமாக வர வேண்டிய மேடு பணிப்பலகையில் குழிவாக அமைகிறது. அதே காரணத்தால், நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் படியும் சிறு பட்டை) இருக்கும் முனை கம்பிகளின் பக்கமாகச் சற்று முன்வர வேண்டுமானால், பலகையின் கழுத்து நீட்சி உடல் சேரும் கோட்டிலிருந்து நட்டை நோக்கித் தாழ்ந்து செல்ல வேண்டும். முதல்முறை செய்பவர்கள் இந்தத் திசையைத்தான் பெரும்பாலும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால், பலகையிலேயே அம்புக்குறியிட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. கிளாசிக்கல் கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட் (விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் குறுக்கு உலோகப் பட்டை) உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் விழுகிறது. நட்டிலிருந்து அதுவரை 325 மி.மீ.; அங்கிருந்து சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் படியும் பட்டை) வரையிலும் 325 மி.மீ. (சுருதி சரிசெய்வதற்காகச் சேர்க்கும் ஓரிரு மில்லிமீட்டரை இங்கே விட்டுவிடலாம்.) இரு பக்கமும் சமமாக இருப்பதால், நட் முனை எவ்வளவு முன்வருகிறதோ அதே அளவுக்குக் கழுத்துத் தளத்தின் நேர்க்கோடு பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் தாழ்ந்துவிடும். 12-ஆவது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிக்கு 3 மி.மீ., தடித்த கம்பிக்கு 4 மி.மீ. உயரம் என்று வைத்தால் சராசரி 3.5, நட்டில் ஃப்ரெட்டுகளின் மட்டத்துக்கு மேல் 0.5 என்று கொண்டால், 325 மி.மீ. தூரத்தில் கம்பி 3 மி.மீ. ஏறுகிறது, எனவே சேடிலில் அது ஃப்ரெட் மட்டத்துக்கு மேல் 6.5 மி.மீ. உயரத்தில் இருக்கும். கழுத்தின் மேல் ஒட்டும் விரற்பலகையின் தடிமன் 7 மி.மீ., ஃப்ரெட்டின் உயரம் 1 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், கழுத்துத் தளத்திலிருந்து கம்பியின் உயரம் மொத்தம் 14.5 மி.மீ. ஆகிறது. இதிலிருந்து மேற்பலகையின் மேட்டையும் கழுத்துச் சரிவையும் கழித்தால் மிஞ்சுவதுதான் பிரிட்ஜ் அருகே கம்பிக்கும் மேற்பலகைக்கும் உள்ள இடைவெளி.

அந்த இடைவெளி 11 முதல் 12 மி.மீ.க்குள் இருப்பது வாசிப்பவரின் வலக்கைக்கும் மேற்பலகைக்கும் ஏற்றது. மேடு 2 மி.மீ., சரிவு 1 மி.மீ. என்றால் 11.5 கிடைக்கும். இரண்டையும் 3 மி.மீ. ஆக்கினால் 8.5 தான் மிஞ்சும்; வாசிக்கும்போது விரல்நகம் மரத்தில் உரசும். இரண்டும் இல்லாத சமதளப் பலகையில் 14.5 நிற்கும், ஏறத்தாழ 40 கிலோ இழுவிசை அந்த உயரத்திலிருந்து பிரிட்ஜைத் தலைகுப்புறச் சாய்க்கப் பார்க்கும். உங்கள் விரற்பலகை 6 மி.மீ. தடிமன்தான் என்றால், மேட்டை 2 மி.மீ. என்றே வைத்துக்கொண்டு சரிவை முழுவதும் விட்டுவிடுங்கள். அப்போதும் விடை 11.5 தான்.

சமதளமாகவே விடலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. உயரக் கணக்கு ஒரு காரணம்; அதைவிட முக்கியமான காரணம் ஈரப்பதம். காற்று வறண்டால் மேற்பலகை குறுக்குவாக்கில் சுருங்கும். மேடுள்ள பலகை சற்றுத் தட்டையாகி அந்தச் சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். தட்டையான பலகைக்குச் சுருங்க இடமில்லை, அது உள்வாங்கும் அல்லது விரிசல் விடும். (மேற்பலகையின் உட்புறத் தாங்குபட்டைகளை 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒட்ட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.)

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். முழு மரம் பருவத்துக்கேற்ப வளையும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. உடல் வடிவத்துக்கு வெளியே 30 முதல் 40 மி.மீ. ஓரம் போதும், அதற்குமேல் விட்டால் கிளாம்ப்புகளின் வாய் உள்ளே எட்டாது. கழுத்து நீட்சி நட் வரை இருந்தால் போதுமானது. தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், குப்புற வைக்கும்போது அது பலகையை விட்டு மேலெழுந்து நிற்கும். நீட்சியின் அடியில் நெடுக ஒரு கனமான சட்டத்தை ஒட்டுங்கள். கிளாம்ப்பின் அழுத்தத்தில் நீட்சி அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் 1 மி.மீ. சரிவில் பாதி தொலைந்துவிடும்.

நடுக்கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். உடல் வடிவத்துக்குப் பாதி வார்ப்புரு ஒன்றே போதும். அதை நடுக்கோட்டின் இருபுறமும் புரட்டி வரைந்தால் இரு பக்கமும் ஒத்திருக்கும். ஒலித்துளையின் மையம் சேரும் கோட்டிலிருந்து சுமார் 150 மி.மீ. தூரத்தில் வரும். அந்த இடத்தில் ஒரு துளையிட்டு, போல்ட்டும் கார்க் ஒட்டிய மரவட்டும் கொண்டு மேற்பலகையை இறுக்கிப் பிடிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

குழிப்பதுதான் பொறுமை வேண்டும் வேலை. குழிவு பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 2 மி.மீ. ஆழமாக இருந்து, ஒலித்துளையின் கீழ்விளிம்பை நோக்கியும் பக்கங்களை நோக்கியும் படிப்படியாகக் குறைந்து மறைய வேண்டும்; ஒலித்துளைக்கு மேலுள்ள பகுதி தட்டையாகவே இருக்கட்டும். உடல் வடிவக் கோட்டை ஒட்டி 10 மி.மீ. அகலத்துக்குச் சமதள விளிம்பு விடுமாறு பரிந்துரைக்கிறேன். பக்கப்பலகைகளின் விளிம்பு அப்போது ஒரே தளத்தில் அமரும், முதல் கிட்டாருக்கு அது பெரிய வசதி. அகலமான கீழ்வளைவில் 360 மி.மீ. அகலத்துக்கு 2 மி.மீ. ஆழம் என்பது ஏறத்தாழ 8 மீட்டர் ஆரமுள்ள வில். அந்த வில்லை மெல்லிய பலகைத் துண்டில் வெட்டி வைத்துக்கொண்டு, சமஆழக் கோடுகளை வரைந்து, ரூட்டரால் (மரத்தைக் குடையும் கைக்கருவி) அரை மில்லிமீட்டர் படிகளாக இறக்கி, படிகளின் முகடுகளைச் சுரண்டியால் நீக்குங்கள். கடைசி மழமழப்பை வளையும் பட்டையில் ஒட்டிய உப்புத்தாளே தரும். விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், விரலுக்குத் தெரியாத மேடுகூட நிழலாகத் தெரியும்.

பலகைக்கு ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசி மெழுகு தேய்த்துவிடுங்கள். வழியும் பசை அதில் ஒட்டாது. மேலே கார்க் ஒட்டுவதானால் உடல் பகுதியிலும் கழுத்து நீட்சியிலும் ஒரே தடிமனில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் சரிவு மாறிவிடும். பக்கப்பலகைகளை நிமிர்த்திப் பிடிக்கும் கோணக் கட்டைகள் பத்துப் பன்னிரண்டு போதும். அவற்றின் திருகுத் துளைகளை நீளமாக வெட்டினால் முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

சரிவு வைத்திருந்தால் விரற்பலகையின் அடிப்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு அப்பால் அது தட்டையான மேற்பலகையில் அமர்வதால், 19-ஆவது ஃப்ரெட்டை அடைவதற்குள், அதாவது 108 மி.மீ. தூரத்தில், மூன்றிலொரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிய வேண்டும்.

மேற்பலகையை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 700 மி.மீ.க்குக் குறையாத நேரான இரும்புப் பட்டையை நடுக்கோட்டின் மேல், கழுத்து நீட்சியில் நட் இடத்திலிருந்து சேரும் கோடு வரை படியும்படி கிடத்துங்கள். பட்டையின் மறுமுனை உடல் பகுதிக்கு மேல் மெல்ல எழுந்து செல்லும். சேடில் வர வேண்டிய இடத்தில் பட்டைக்கும் குழிவின் அடிக்கும் உள்ள இடைவெளி, மேடும் சரிவும் கூடிய 3 மி.மீ. இருக்க வேண்டும். 3.5 இருந்தால் முதலில் விளிம்புகளின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் குழிவைத் தனியாக அளந்து, பிழை எங்கே என்று கண்டறியுங்கள். குழிவு சரியாக இருந்து சரிவுதான் கூடிவிட்டது என்றால், நீட்சியின் மேல் நட் முனையை நோக்கித் தடிக்கும் ஆப்புவடிவ மரச்சீவலை ஒட்டி இழைத்துக்கொள்ளலாம். குழிவு அரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் பலகையைத் தொட வேண்டியதில்லை, விரற்பலகையை 7.5 மி.மீ. தடிமனில் வைத்துக்கொண்டால் 11.5 திரும்பக் கிடைத்துவிடும்.