டீச்சர் பதில்கள்: பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு

(தர்மபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகளின் பணப் பற்றாக்குறை பற்றியவை.)

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். மொத்தம் 41 பிள்ளைகள், இரண்டு டீச்சர். அதில் ஒருவர் மீட்டிங், பயிற்சி என்று அடிக்கடி வெளியே போய்விடுகிறார். தெருவில் மெட்ரிக் பள்ளி வேன் வந்து நிற்கிறது. சேர்த்துவிடலாமா?
— ஒரு தாய், ஊத்தங்கரை

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிதான் கண்ணுக்குள் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, ஒரே நீளக் கட்டடம், நடுவில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. உடன் இருந்த ஆசிரியை பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். ஒன்றாம் வகுப்பை வட்டமாக உட்கார வைத்து சிலேட்டில் எழுதக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கை ஆரம்பிப்பேன். பகுதி, தொகுதி என்று இரண்டு வரி எழுதுவதற்குள் "டீச்சர், இவன் என் பல்பத்தைப் பிடுங்கிட்டான்" என்று ஒரு குரல். அங்கே போய்ச் சமாதானம் செய்து திரும்பினால் நாலாவது சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் மகள் வகுப்பைத்தான் சொல்கிறேன். சின்னதுகள் அழும், பெரியதுகள் கேள்வி கேட்கும். மூன்றாவதும் நாலாவதும் சத்தம் போடாத வகுப்புகள். அதனாலேயே அவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் குற்ற உணர்வோடு எத்தனையோ நாள் பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இது அந்த ஆசிரியையின் குற்றமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 ஆனால்தான் மூன்றாமவர். அதாவது பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் பணியிடம். அந்தப் பிள்ளைகள் எத்தனை வகுப்பில் இருக்கிறார்கள் என்பது கணக்கில் வருவதே இல்லை. 41 பிள்ளைகளுக்கும் ஐந்து தமிழ்ப் பாடம், ஐந்து கணக்குப் பாடம் நடத்தியாக வேண்டும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்றால் மாநிலம் முழுக்க எத்தனை ஆயிரம் பேருக்குச் சம்பளம் போட வேண்டும் என்று பார்த்துத்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. பணம் மிச்சமாகிறது. அது மிச்சமாவது உங்கள் மகளின் பாட நேரத்திலிருந்து.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என் பள்ளியில் 64 பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர். ஒரு ஜூன் மாதம் ஒரே தெருவிலிருந்து மூன்று குடும்பங்கள் நான்கு பிள்ளைகளை வேன் பள்ளிக்கு மாற்றினார்கள். பணியிடக் கணக்குக்குப் பிள்ளைகளை எண்ணும் ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கை 60. மூன்றாவது ஆசிரியை 'உபரி' என்று கணக்கானார். உபரி ஆசிரியரை ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். நான்கு பேர் போனதற்கு மீதி 60 பேர் ஒரு டீச்சரை இழந்தார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. பெற்ற மனம் பதறத்தானே செய்யும்?

உங்களுக்கு என் யோசனை: இன்று ராத்திரி மகளை உட்கார வைத்து, நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் வாசித்தால் அவசரப்படாதீர்கள். தடுமாறினால் டீச்சரிடம் போய், "எந்த எழுத்தில் நிற்கிறாள்?" என்று கேளுங்கள். எத்தனை வேலை இருந்தாலும் அவருக்கு அது தெரிந்திருக்கும். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். டீச்சர் வெளியே போகும் நாளில், ஒன்றியப் பள்ளிகளுக்குத் துணையாக இருக்கும் வட்டார வள மையத்திலிருந்து மாற்று ஆள் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கிராம சபையிலும் அதையே வையுங்கள். தலைமையாசிரியர் மட்டும் எழுதும் காகிதம் கோப்பில் உட்கார்ந்துவிடும். இருபது தாய்மார் கையெழுத்து இருந்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் எதுவும் மாறவில்லையென்றால், மகளை மாற்றுங்கள். உங்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் மாதம் எழுபது, எண்பதாயிரம் வாங்குகிறார். பட்ஜெட்டில் கல்விக்குத்தான் பெரிய தொகை. பிறகு பணமில்லை என்று சொல்வது எப்படி?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், சேலம்

ஐயா, கணக்குப் பார்த்துப் பழகியவர் நீங்கள். என் கணக்கு நோட்டையே உங்கள் முன்னால் வைக்கிறேன்.

நிரந்தர ஆசிரியருக்கு நல்ல சம்பளம் உண்டு. நானும் வாங்கினேன், அதற்கு வேலையும் பார்த்தேன். கல்விக்கு ஒதுக்கும் தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது என்பதும் உண்மை. அதே பணிக்கு, நிரந்தரமாக ஆள் போடாமல் 2022இல் 13,331 இடங்களைத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது, தொடக்க வகுப்பு நடத்தும் இடைநிலை ஆசிரியருக்குத் தருவதாகச் சொன்னது மாதம் 7,500 ரூபாய். பிறகு 12,000 ஆக்கினார்கள். இந்த ஆசிரியர்கள் உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

சம்பளம் போக, பள்ளிக்கூடம் என்ற கட்டடம் நடக்க என்ன வருகிறது? ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 30 பிள்ளைகள் வரை வருடத்துக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. எனக்கு வந்தது 25,000. அதை 64 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 391 ரூபாய். 220 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பினாயில், பூட்டு, பல்பு, குழாய், உடைந்த ஓடு எல்லாம் இதற்குள்ளேதான்.

இதையும் ஜூனில் கொடுத்தால் பரவாயில்லை. ஒரு வருடம் பிப்ரவரியில் வந்தது. மார்ச் 31க்குள் பில்லோடு கணக்கை முடிக்க வேண்டும். அதுவரை எட்டு மாதம் பள்ளி எதில் ஓடியது? கடைக்காரர் கடனிலும் எங்கள் கைக்காசிலும்.

அந்த வருடம் ஜூலையில் மோட்டார் காயில் போய்விட்டது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காயில் கட்ட 3,800 ரூபாய். பணம் போனது எனக்குப் பெரிதில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவும் திரும்ப வாங்கி வந்து மாட்டவும் இரண்டு மதியம் போனது. அந்த இரண்டு மதியமும் ஐந்தாம் வகுப்புக்குப் பாடமே இல்லை. தண்ணீர் வராத நான்கு நாளும் இடைவேளைக்கு வீட்டுக்குப் போன பெரிய பெண் பிள்ளைகள் மூன்று பேர் மதியம் திரும்பி வரவில்லை. நோட்டில் 3,800 என்றுதான் எழுதியிருக்கிறேன். மற்றதை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

1966இல், நாட்டின் கல்வியை ஆராய ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி குழு, நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் அதே 6 சதவீதம் இலக்காக எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் 54 வருடம். எட்டியிருந்தால் மறுபடி எழுத வேண்டியிருக்காது.

கேள்வி: பேரன் படிக்கும் பள்ளியில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பிள்ளைகள் வராண்டாவில் உட்காருகிறார்கள். இடிக்காமலே விட்டிருக்கலாமோ?
— ஒரு தாத்தா, கள்ளக்குறிச்சி

இடித்தது சரிதான் ஐயா. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க ஆபத்தான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடிக்க ஒரு வாரம் போதும். கட்ட, நிதி ஒதுக்கி, மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு முடிவதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை மூன்றாவதுக்குப் போய்விடும். புதுக் கட்டடத்துக்குப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதுவரை மழைச் சாரல் அடிக்காமல் வராண்டாவுக்குத் தார்ப்பாய் கட்டித் தர ஊராட்சியால் முடியும்.

கேள்வி: நான் பகுதி நேர ஓவிய ஆசிரியர். 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். பிறகு 12,500 ஆனது. பல வருடம் மே மாதச் சம்பளமே கிடைக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
— பெயர் வேண்டாம் என்றவர், விழுப்புரம் மாவட்டம்

தம்பி, 2012இல் உங்களைப் போல 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் என்பது பேச்சு. ஆனால் ஆள் பற்றாத பள்ளிகளில் உங்களை முழு நாளும் நிறுத்திக்கொண்டோம் என்பதை ஒரு தலைமையாசிரியையாக நானே ஒப்புக்கொள்கிறேன். ஓவிய ஆசிரியரை அறிவியல் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றச் சொன்னோம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று நீங்கள் வாய் திறக்கவில்லை. அது எங்கள் தரப்பில் நடந்த தவறு.

நான் நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது வந்த ஓவிய ஆசிரியர், வண்ணம் வாங்கக் காசில்லாமல், செங்கல் தூளும் அவரை இலையும் கரியும் வைத்து ஏழாம் வகுப்பை வரைய வைத்தார். அதில் ஒரு பையன், வகுப்பில் பேசவே மாட்டான். ஏர் மாடு ஒன்று வரைந்தான், மூக்கணாங்கயிற்றின் முடிச்சு உட்பட. அதைப் பார்த்த பிறகுதான் அவனிடம் என்ன பேசலாம் என்றே எனக்குத் தெரிந்தது. மாட்டைப் பற்றிக் கேட்டேன், பேசினான்.

இதைச் சொல்லி உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டேன். அந்த ஆசிரியரும் மே மாதம் பெயின்ட் அடிக்கும் வேலைக்குத்தான் போனார். நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் உண்டு என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. யாரோ இரங்கிக் கொடுத்த வேலை இல்லை இது. சங்கத்தோடு நில்லுங்கள். ஆனால் வீட்டுக்கு வருமானம் வரும் வேறு வழி கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண்களும் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள்தான்.

கேள்வி: ஒன்றிய அரசு சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தியது என்று வழக்கு வரை போயிருக்கிறது. கீழே ஒரு பள்ளியில் இதனால் என்ன ஆகும்?
— கல்லூரி மாணவி, மதுரை

இது பள்ளிக் கல்விக்கான திட்டம், 2018இல் பழைய திட்டங்களைச் சேர்த்து உண்டாக்கியது. 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று நிறுத்தப்பட்டது. கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்க வேண்டும் என்பதால் மாநிலம் மறுத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மேலே சொன்ன பள்ளி மானியம், ஆசிரியர் பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் எல்லாம் இந்தத் தலைப்பில் வருபவை. என் ஊரில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் குழந்தை. எட்டு வயது. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வட்டார வள மையத்துக்கு வருவாள். அங்கே இயன்முறைப் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இரண்டு மாதம் பயிற்சி விட்டுப்போனால் அந்தக் கால் மறுபடி இறுகிவிடும். கொள்கையைப் பற்றி எத்தனை வருடம் வேண்டுமானாலும் வாதிடலாம். அந்தக் குழந்தையின் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு வாதிடுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: நான் படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் டி.வி. வாங்கித் தர நினைக்கிறேன்.
— முன்னாள் மாணவர், துபாய்

தம்பி, முதலில் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒருவர் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தார். ஃபில்டர் மாற்றக் காசில்லாமல் இரண்டாம் வருடமே அது சுவரில் சும்மா தொங்கியது. கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை சேர்த்துத் தர முடியுமா? திறப்பு விழா, போட்டோ எதுவும் அதற்கு இருக்காது. அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் தரலாம்.

கேள்வி: எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வரல. யார்கிட்ட சொல்லணும்?
— ஆறாம் வகுப்பு மாணவி, அரூர்

கண்ணு, கேட்டது ரொம்பச் சரி. முதலில் உன் வகுப்பு டீச்சரிடம் சொல். அவருக்குத் தெரிந்திருக்கும், அவரும் கவலையில்தான் இருப்பார். பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். அதில் எழுதிப் போடு. எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரவில்லை என்பதை மறக்காமல் எழுது. ஒரு வாரம் ஆகியும் வரவில்லையென்றால் அம்மாவிடம் சொல்லி 14417க்குப் போன் போடச் சொல். கல்வித் துறையின் உதவி எண் அது. தண்ணீர் வரவில்லை என்று குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதே, வயிறு வலிக்கும். தண்ணீர் வந்த அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போடு, வராவிட்டாலும் போடு.